தனியா வர்றவங்களுக்கும் ஒரு ரூம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளான் எதுவும் போடாம தோள்ல ஒரு பேக்க மாட்டிக்கிட்டு தனியா ஊர் சுத்துறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா முதல் நாள் பயத்த மட்டும் போகப்போக சரியாயிடும்னு ஒரே வரியில தாண்டிப் போயிட்டாங்க. எத்தனையோ பொண்ணுங்க பேக்க எடுத்து வச்சிட்டு கடைசி நேரத்துல வேணாம்னு உக்காந்துடறது அந்த முதல் நாளுக்கு பயந்துதான், அதனாலதான் எழுதுறேன்.

பஸ்ஸ விட்டு இறங்கினதும் வயித்தப் பிசையும், பசி எடுக்காது, எல்லாரும் நம்மளையே பாக்குற மாதிரி இருக்கும், திரும்பிப் போற பஸ் எங்க நிக்குதுன்னு கண்ணு தானா தேடும். இதெல்லாம் ஒரு டீ குடிச்சிட்டு ரெண்டு தெரு நடந்தா பாதி அடங்கிடும். ஆனா சாயங்காலம் கடையில எல்லாம் லைட்டு போட ஆரம்பிக்கும்போது ஒரு பயம் வரும் பாருங்க, அது வேற. ராத்திரி எங்க படுக்கப் போறோம்னு தெரியாத பயம் அது, தைரியமா இருன்னு சொன்னா போகாது, பூட்டுற கதவோட ஒரு ரூம் கிடைச்சாதான் போகும்.

நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு கோயில் ஊரு. லாட்ஜ் கவுண்டர்ல மேனேஜருக்குப் பின்னாடி பலகையில சாவி வரிசையா தொங்குது, ஒவ்வொன்னுலயும் நம்பர் போட்ட வில்லை. ரூம் இருக்கான்னு கேட்டா அவரு என்னைப் பாக்கல, எனக்குப் பின்னாடி வாசலப் பாக்குறாரு. "கூட யாரும்மா வர்றாங்க?" யாரும் இல்லண்ணே, நான் மட்டும்தான்னேன். "சிங்கிளுக்கு குடுக்குறதில்லம்மா, ஓனர் சொல்லியிருக்காரு, ஃபேமிலின்னா தரலாம்." ஆதார் கார்ட நீட்டினேன், கையில வாங்கவே இல்ல. அடுத்த லாட்ஜுலயும் அதே பதில்தான். தனியா வர்ற ஆம்பளப் பசங்களும் இதையேதான் சொல்றாங்க. ஏன்னு கேட்டா, ரூம்ல ஏதாவது பண்ணிக்கிட்டா போலீஸ் ஸ்டேஷனுக்கு நாங்கதான அலையணும்ங்கறாங்க. அவங்க கஷ்டமும் புரியாம இல்ல, ஆனா ஊர் தெரியாத பொண்ண இருட்டுற நேரத்துல பேக்கும் கையுமா தெருவுல நிறுத்துறது எந்த விதத்துல சரிங்க?

கர்நாடகால ஹம்பிக்கு போனப்போ இந்த பாடு இல்ல. பெங்களூர்ல ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில ஹொசப்பேட்டைல இறக்கி விட்டுரும், அங்கேர்ந்து ஹம்பி 13 கிலோமீட்டர்தான், லோக்கல் பஸ்ஸே போகுது. விருபாக்ஷர் கோயில் பக்கத்துல ஜனதா பிளாட்னு ஒரு ஏரியா, அப்ப வீட்டுக்காரங்களே மாடியில ரூம் கட்டி வாடகைக்கு விட்டாங்க. ஒரு அம்மா ஐடி வாங்கிப் பாத்து நோட்டுல எழுதிட்டு சாவியக் குடுத்தாங்க, கூட யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. பேக்க உள்ள வச்சு பூட்டிட்டு வெளிய வந்த பிறகுதான் துங்கபத்திரா ஆறே என் கண்ணுல பட்டுச்சு.

முதல் தடவ கிளம்புறவங்களுக்கும் நான் சொல்றது இதுதான், மத்த நாளுக்கு பிளான் இல்லாட்டி பரவால்ல, முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டுக்கங்க, காலையில போய் இறங்குற ரயிலா பாத்து ஏறுங்க, ஸ்டேஷன்ல க்ளோக் ரூம் இருந்தா பேக்க பூட்டுப் போட்டு அங்க வச்சிட்டு ஊரச் சுத்துங்க, 181 பெண்கள் உதவி நம்பர், 139 ரயில்வே நம்பர் ரெண்டையும் போன்ல போட்டு வைங்க.

ஸ்டேஷன்லயே ஒரே ஹால்ல வரிசையா கட்டில் போட்டிருக்குற ரயில்வே டார்மிட்டரி இருக்கேன்னு சிலர் கேக்கலாம். அத ஆன்லைன்ல புக் பண்ண கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோ, உக்கார மட்டும் இடம் உறுதியான ஆர்ஏசி டிக்கெட்டோ இருக்கணும், ரிசர்வேஷன் டிக்கெட்ல இருக்குற பிஎன்ஆர் நம்பர் கேக்கும். பிளான் இல்லாம அன்ரிசர்வ்டுல வர்றவங்களுக்கு பிஎன்ஆரே கிடையாது, ஆனா படுக்க இடம் இல்லாம நிக்கிறதும் அவங்கதான்.

இத்தனைக்கும் வழிப்போக்கருக்கு இடம் குடுக்குறது நமக்கு புதுசா? தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற வழியில சத்திரம் சத்திரமா கட்டி சோறும் போட்டு படுக்க இடமும் குடுத்தாங்க, சரபோஜி மன்னர் கட்டின ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்னிக்கும் நிக்குது. ஜெர்மனியில ரிச்சர்ட் ஷிர்மான்னு ஒரு பள்ளி வாத்தியார், 1909-ல பசங்கள நடைப்பயணம் கூட்டிட்டுப் போனப்போ புயல் மழையில மாட்டிக்கிட்டு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ராத்திரி தங்கினாரு, அப்ப வந்த யோசனையிலதான் 1912-ல ஆல்டெனா கோட்டையில ஊர் சுத்துற இளவட்டங்க தங்குறதுக்குன்னே உலகத்துலயே முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் வந்துச்சு.

சுற்றுலாத் துறைக்கு என் கோரிக்கை பெருசில்ல. தனியா வர்றவங்க ஐடிய காட்டி ரெஜிஸ்டர்ல எழுதினா ரூம் குடுக்கணும்னு லாட்ஜுகளுக்கு தெளிவா ஒரு உத்தரவு போடுங்க, கோயில் ஊர்கள்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே பெண்களுக்குன்னு ஒரு டார்மிட்டரி கட்டுங்க. அன்ரிசர்வ்டு டிக்கெட்டக் காட்டினாலும் ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டில் குடுக்க ரயில்வே வழி பண்ணணும். உங்க பேப்பர்ல போட்டு இத அவங்க ரெண்டு பேர் காதுலயும் போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி