கலங்கரை விளக்கத்துக்குப் பத்து நிமிடம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரே நாளில் மாமல்லபுரம் பார்ப்பது எப்படி என்று வந்த குறிப்பை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் நானும் என் கணவரும் போன வாரம் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். கடற்கரைக் கோயிலுக்கு ஒரு மணி நேரம், ஐந்து ரதத்துக்கு ஒரு மணி நேரம், வெண்ணெய் உருண்டைப் பாறையில் போட்டோ, கலங்கரை விளக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று அதில் இருந்தது. எழுதியவர் கலங்கரை விளக்கத்தில் ஏறியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பத்து நிமிடம் எங்களுக்கு ஏறுவதற்கே போதவில்லை.

கருங்கல்லில் கட்டிய வட்டக் கோபுரம் அது. உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் படிகள் குறுகல். யாராவது இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அந்தச் சாக்கில் இவர் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டார். யாரும் வராதபோதும் வழிவிட்டுக்கொண்டு நின்றார்!

மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டேன். கிழக்கே கடற்கரைக் கோயில், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். இவர் கல்பாக்கத்தில் ஒப்பந்ததாரரிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். இரவு வேலையில் இந்த விளக்கு சுழல்வதைப் பார்த்தவருக்கு ஏறிப் பார்க்க அப்போது லீவு கிடைக்கவில்லை. அப்புறம் 2001 முதல் 2011 வரை பாதுகாப்புக்காக யாரையும் ஏறவிடவில்லை. இப்போது கல்லூரிப் பையன்களைக் கூப்பிட்டு, எந்தக் கட்டடம் எது என்று கைநீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, இவர் நிறுத்தவில்லை.

உங்கள் குறிப்பு விட்டுவிட்ட விஷயம், அதே குன்றில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கம். எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கோயிலான ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலைத்தான் சொல்கிறேன். கருவறைக்கு மேலிருந்த அதன் விமானம் இப்போது இல்லை. 1887-இல் விளக்கு வைத்தது இதன் உச்சியில்தான். இன்றைய கோபுரம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோயில் சுவரில் ராவணன் கயிலாயத்தை அசைக்கிறான். கீழே பாறைக்குள் மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் தேவி போருக்குப் பாய்கிறாள், எதிர்ச் சுவரில் பெருமாள் பாம்பணையில் படுத்திருக்கிறார். இவருக்குப் பிடித்தது படுத்திருப்பவரைத்தான். குளிர்ந்த கல்லில் சாய்ந்து உட்கார்ந்தவர் கண் அயர்ந்துவிட்டார். நானும் எழுப்பவில்லை. அட்டவணை அங்கேயே முடிந்தது. ஐந்து ரதத்துக்கு நாங்கள் போகவில்லை, கடற்கரைக் கோயிலை மேலிருந்து பார்த்ததோடு சரி.

அடுத்த முறை இப்படி எழுதும்போது கலங்கரை விளக்கம் திறந்திருக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் போடுங்கள். படி குறுகல் என்பதையும் சொல்லிவிட்டால் மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக் கிளம்புவார்கள். பத்து நிமிடத்தைத் தயவுசெய்து அரை நாளாக்குங்கள். பொரித்த வஞ்சிரத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. உங்கள் அட்டவணையில் சாப்பாட்டுக்கு நேரமே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
செங்கல்பட்டு