முப்பந்தலில் நிற்கும் பழைய காற்றாலைகள்

ஆசிரியருக்கு,

காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் நிறுவனம் மீண்டும் லாபம் ஈட்டுவதைப் பங்குச்சந்தைச் செய்தியாக மட்டும் பார்க்கக் கூடாது. சூரத்தில் ஜவுளித் தொழில் நடத்திய துளசி தந்தி, மின்கட்டணம் கட்டி மாளாமல்தான் முதலில் இரண்டு காற்றாலைகளை வாங்கினார். 1995-இல் அதையே தொழிலாக்கி, சுஸ்லானைத் தொடங்கினார். இடம் பார்ப்பது, நிறுவுவது, பராமரிப்பது எல்லாவற்றையும் நிறுவனமே ஏற்றது. ஆலை முதலாளி பணம் போட்டால் போதும். வளர்ச்சியின் சூட்சுமமே அதுதான்.

அப்புறம் அகலக்கால். 2007-இல் ஜெர்மனியின் காற்றாலை நிறுவனமான ரீபவரை வாங்கினார்கள். 2012-இல் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தர முடியவில்லை. மீண்டு எழும் நேரத்தில், 2022-இல், துளசி தந்தி காலமானார்.

சரி, நம் பக்கம் வருவோம். முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று ஆளையே தள்ளும். அந்த அருமையான இடங்களில் இன்னும் 250 கிலோவாட் அளவிலான பழைய காற்றாலைகள் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. இன்று சுஸ்லானே 3 மெகாவாட் (3,000 கிலோவாட்) இயந்திரம் செய்கிறது. அவ்வளவு பெரிய ஒன்றை நிறுவப் பல உரிமையாளர்களின் நிலம் ஒன்றுசேர வேண்டும். உரிமையாளர்கள் தாமாகக் கூடிப் பேசி முடிப்பது நடக்கிற காரியமா? அரசுதான் அவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து, பங்குரிமையையும் மின்வழித்தட வசதியையும் முடித்துத் தர வேண்டும். அடுத்த காற்றுப் பருவத்துக்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

- வாசகர், நாகர்கோவில்