பொறுத்திருப்பதற்கும் ஒரு கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வயதை எட்டிய குழந்தை இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று பெற்றோர் கவலையோடு சொல்லும்போது, சுற்றியிருப்பவர்களிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “கொஞ்சம் பொறுங்கள், தானாகப் பேசிவிடும்.” ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தார், மூத்த பிள்ளையே இவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறது என்று அதற்கான காரணங்களும் கூடவே வரும். அன்பினால் சொல்லப்படும் இந்த ஆறுதலை நான் குறைகூறவில்லை. ஆனால் எதுவரை பொறுப்பது, அதுவரை எதைக் கவனிப்பது, யாரிடம் காட்டுவது என்பவற்றைச் சொல்லாத ஆறுதல், மொழி வேகமாக வளரவேண்டிய மாதங்களை வீணே கழியவிட்டுவிடும். பேச்சு தாமதமான ஒரு குழந்தையின் தாய் என்ற முறையில் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பேச்சு வரும் வயது குழந்தைக்குக் குழந்தை வேறுபடுகிறது என்பது உண்மைதான். ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வருவதும், இரண்டு வயதுக்குள் இரண்டு சொற்களைச் சேர்த்து “அம்மா வா”, “பால் தா” என்பதும் பரவலாகக் காணப்படும் போக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2022-இல் தன் வளர்ச்சிப் படிநிலைப் பட்டியலைத் திருத்தியபோது, ஒவ்வொரு வயதிலும் நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்யக்கூடியவற்றையே அந்த வயதுக்கான படிநிலையாக எடுத்துக்கொண்டது. சராசரிக் குழந்தை செய்வதை அளவுகோலாக வைத்தால், பாதிப் பெற்றோர் காரணமின்றிக் கவலைப்படுவார்கள், மீதிப் பேர் “இது வெறும் சராசரிதானே” என்று தள்ளிப்போடுவார்கள். அந்தப் பட்டியலின்படி 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது, 24 மாதத்தில் இரண்டு சொற்கள் சேர்ந்த பேச்சு, 30 மாதத்தில் ஏறத்தாழ 50 சொற்கள் இருக்க வேண்டும். இவற்றை எட்டாத குழந்தைக்குக் கட்டாயம் குறை இருக்கிறது என்று பொருளில்லை. ஆயினும், ஒருமுறை முறையாகப் பார்த்துவிட வேண்டிய நேரம் அதுவே.

இரண்டு வயதில் 100 குழந்தைகளில் 10 முதல் 15 பேர் வரை இப்படிப் பேச்சில் பின்தங்கியிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். “தானாகப் பேசிவிடும்” என்ற சொல் இத்தனை உறுதியோடு புழங்குவதற்கு இதுதான் காரணம். அப்படிச் சொன்னவர்கள் பல வீடுகளில் தங்கள் சொல் பலித்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எட்டிப் பிடிக்காத குழந்தைகளும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் காது கேட்பதில் குறை, சிலருக்கு ஆட்டிசம், சிலருக்கு வேறு எந்தக் காரணமும் தெரியாமலே நீடிக்கும் மொழி வளர்ச்சிக் குறைபாடு. இந்தக் கடைசிக் குறைபாடு மட்டுமே பள்ளிக் குழந்தைகளில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. இரண்டு வயதில் நம் முன்னே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதை உறவினராலும் அறிய முடியாது, அடுத்த வீட்டுக்காரராலும் அறிய முடியாது. மேலோட்டமாகப் பார்க்கும் மருத்துவராலும்கூட அறிய முடியாது.

எத்தனை சொற்கள் பேசுகிறது என்பதை விட, பேசுவதைப் புரிந்துகொள்கிறதா, பேச்சில்லாமலும் நம்மோடு உறவாடுகிறதா என்பதே பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது. புரிந்துகொள்ளுதலைச் சோதிப்பதில் எல்லா வீடுகளிலும் ஒரு மயக்கம் ஏற்படுகிறது. கையில் பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே “செருப்பை எடுத்து வா” என்கிறோம்; குழந்தை ஓடிப்போய் எடுத்து வருகிறது; சொன்னதெல்லாம் புரிகிறது என்று நிம்மதி கொள்கிறோம். குழந்தைக்குப் புரிந்தது நம் சொல்லாக இருக்கலாம், பையாகவும் கதவாகவும் இருக்கலாம். கைகளை அசைக்காமல், பொருளின் பக்கம் பார்வையைத் திருப்பாமல், குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து “பந்து எங்கே?” என்று கேட்டால்தான் அதன் காதும் புரிதலும் நமக்குத் தெரியவரும்.

சைகையும் அப்படியே. மூடி திறக்க வேண்டுமென்றால் சில குழந்தைகள் அம்மாவின் கையை இழுத்து மூடியின் மேல் வைத்துவிட்டு மூடியையே பார்த்துக்கொண்டிருக்கும். வேறு சில குழந்தைகள் மூடியைச் சுட்டிக்காட்டி, உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். வானத்தில் பறக்கும் பறவையை விரலால் காட்டி, “நீயும் பார்த்தாயா?” என்பதுபோல் திரும்பிப் பார்க்கும் குழந்தை, ஒரு சொல்லும் இல்லாமலே உரையாடலைத் தொடங்கிவிட்டது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும், விரலால் சுட்டிக்காட்டுவதும், புரிதலும் நன்றாக இருந்து பேச்சு மட்டும் பின்தங்கியிருந்தால் நம்பிக்கைக்கு அதிக இடமுண்டு. இவையும் சேர்ந்து குறைந்திருந்தால் மூன்று வயது வரை காத்திருக்க எந்த நியாயமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது செவித்திறன் பரிசோதனை. பலரும் கடைசியாக நினைத்துப் பார்ப்பதும் அதைத்தான். “காது நன்றாகக் கேட்கிறது, கதவு சத்தத்துக்குத் திரும்புகிறானே” என்பார்கள். கதவு அறைந்து சாத்தப்படும் ஒலி மிகப் பெரியது. அதன் அதிர்வைத் தரையிலேயே உணரலாம். பேச்சைக் கற்பதற்குத் தேவையானவை அப்படிப்பட்ட ஒலிகள் அல்ல. ஸ், ஃப், த் போன்ற மெல்லிய மெய்யொலிகள் காதில் விழாத குழந்தை உயிரொலிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெளிவாகாது. செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதில் நீர் தேங்கி நிற்கும் குழந்தைகளின் நிலையும் பெரும்பாலும் இதுதான். சளியைத் தொடர்ந்து வரும் இந்தத் தேக்கத்தில் வலியோ காய்ச்சலோ இல்லாமலும் இருக்கலாம். ஒரு வாரம் குறைந்து மறுவாரம் கூடுவதால், குழந்தை சில நாள் திரும்பிப் பார்க்கும், சில நாள் பார்க்காது. வீட்டில் உள்ளவர்கள் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறந்தவுடன் செய்த செவிச் சோதனையில் தேறியிருந்தாலும் பிற்பாடு கேட்கும் திறன் குறையக்கூடும் என்பதால், அந்தப் பழைய சான்றை வைத்து நிம்மதி அடைவதற்கில்லை.

என் மகனை முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர், மேசைக்கு அப்பாலிருந்தே பார்த்துவிட்டு மூன்று வயது முடிந்தபின் வரச்சொன்னார். மனம் ஒப்பாமல் செவித்திறன் பரிசோதனைக்குச் சென்றோம். ஒலி புகாத சிறிய அறையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒலி வந்த பக்கம் அவன் திரும்பினால், அங்கிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரிந்து ஒரு பொம்மை முரசு கொட்டும். பெரிய ஒலிகளுக்கு அவன் ஆவலோடு திரும்பினான். ஒலியை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்ட ஒலிக்கு அவன் தலை அசையவே இல்லை. கையிலிருந்த மரக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு காதுகளிலும் நடுக்காதில் நீர் தேங்கியிருப்பது சில நொடிகளில் முடிந்த இன்னொரு சோதனையில் உறுதியானது. காது மூக்கு தொண்டை நிபுணரும் பொறுத்திருக்கத்தான் சொன்னார், ஏனெனில் இப்படித் தேங்கும் நீர் பல குழந்தைகளுக்கு மூன்று மாதங்களுக்குள் தானாகவே வடிந்துவிடுகிறது. ஆனால் அவர் மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார், வடியாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை அன்றே விளக்கினார், அதுவரை அவனோடு எப்படிப் பேசவேண்டும் என்பதற்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பிவைத்தார். முன்னவர் சொன்ன பொறுமைக்கும் இவர் சொன்ன பொறுமைக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

பேச்சுத் தாமதத்தைப் பற்றிய வேறு சில நம்பிக்கைகளையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மையே, ஆனால் அந்த இடைவெளி மிகச் சிறியது. ஓராண்டுத் தாமதத்தை அதனால் விளக்க முடியாது. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகளின் உச்சரிப்பு பாதிக்கப்படலாம், சொற்களையே கற்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது. வீட்டில் இரண்டு மொழிகள் பேசுவதால் பேச்சு தாமதமாவதில்லை. அத்தகைய குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். தாய்மொழியை நிறுத்திவிட்டுப் பள்ளியில் பேசும் மொழியிலேயே பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தனக்குச் சரளமாக வராத மொழியில் திக்கித் திணறி நான்கு சொல் பேசும் தாயை விட, தன் மொழியில் நாள் முழுவதும் கொஞ்சியும் கதை சொல்லியும் பேசும் தாயே குழந்தைக்கு அதிகம் தருகிறாள்.

ஐன்ஸ்டைனே தாமதமாகத்தான் பேசினார் என்று சொல்லித் தேற்றுபவர்களும் உண்டு. பிற்காலத்தில் எழுதிய கடிதமொன்றில், தாம் தாமதமாகப் பேசத் தொடங்கியதால் பெற்றோர் கவலையுற்று மருத்துவரிடம் ஆலோசனை கேட்டதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். அந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொரு பக்கம், குழந்தை பேசாததற்குத் தாயையே காரணமாக்குவது நடக்கிறது. வேலைக்குப் போகிறாள், கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டாள், வீட்டில் பேச ஆளில்லை என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்படுகின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், அதன்பின் ஐந்து வயதுக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். திரை பேசிக்கொண்டே இருக்கும், குழந்தை பதிலுக்கு எழுப்பும் ஒலியை அது கேட்காது. மொழி வளர்வதோ அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். ஆனால் கைபேசியை எடுத்து வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வதால், காது கேளாத குழந்தைக்கு இன்னும் ஆறு மாதம் காது கேளாமலேயே போகிறது. குற்ற உணர்ச்சியில் ஒடுங்கிப்போன தாய், பழிக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்லவே தயங்குகிறாள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் காலத்தில் பெற்றோர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பயிற்சி பெற்ற பெற்றோரே வீட்டில் தரும் மொழித் தூண்டல் நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. “சொல்லு, சொன்னால்தான் தருவேன்” என்று பொருளை மறைத்து வைப்பது பயிற்சி ஆகாது. சொல் வராத குழந்தைக்கு அது தண்டனை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி, அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து, சிறு வாக்கியங்களில் பேச வேண்டும். அது “கா” என்றால், “ஆமாம், காகம், கறுப்புக் காகம்” என்று ஒருபடி மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டும். பேசிவிட்டுச் சற்றே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது இதுதான். அந்த மௌனத்தில்தான் குழந்தை தன் முறையை எடுத்துக்கொள்கிறது.

ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழக்கத் தொடங்கினால், எந்த வயதாக இருந்தாலும், கெடு எதுவும் வைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வயதாகியும் மழலையொலியோ சைகையோ இல்லாத குழந்தைக்கும் இது பொருந்தும்.

தடுப்பூசிக்காக ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் சுகாதாரப் பணியாளர்களைச் சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்புகளில் எடையும் உயரமும் குறிக்கப்படுவதுபோல், பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரலால் காட்டுகிறதா, எத்தனை சொற்கள் பேசுகிறது என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டு அட்டையில் எழுதப்பட வேண்டும். தாமதம் தெரிந்தால் செவித்திறன் பரிசோதனைக்கான சீட்டு அன்றே கொடுக்கப்பட வேண்டும். மழலையர் காப்பகங்களில் பணியாற்றுவோருக்கும் இந்த அறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி தேவை, ஏனெனில் ஒரே வயதுக் குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் இருக்கிறது. தங்கள் நாளிதழும் குழந்தை நலப் பக்கத்தில் வயதுவாரியான பேச்சுப் படிநிலைகளை, புரிதலையும் சைகையையும் சேர்த்து, வெட்டி வைத்துக்கொள்ளத்தக்க சிறு கட்டமாக அவ்வப்போது வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி