கழுத்து நீண்ட பெண்

பாரிஸ்,
நவம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

போன மாதக் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. லா ஷப்பல் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடையில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது, விலையைக் கேட்டால் சாம்பார் ஆசை போய்விடும். வேலை அதேதான். காலையில் வெங்காயம், ராத்திரி பாத்திரம்.

நேற்று லீவு வாங்கிக்கொண்டு லூவ்ர் மியூசியத்துக்குப் போனேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இலவசம். மோனாலிசா முன்னால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். நான் ஒதுங்கி வந்து நின்ற இடத்தில் ஒரு பெண்ணின் படம். உங்களுக்கு எழுத வேண்டியதே அதைப் பற்றித்தான்.

கரோலின் ரிவியேர் என்று பெயர். பதின்ம வயசு. உயரம் ஒரு மீட்டர்தான் இருக்கும் படம். வெள்ளை மஸ்லின் கவுன், கைகளில் பாம்பு மாதிரி வளைந்து தொங்கும் வெள்ளை ரோமத் துண்டு, முழங்கைவரை கடுகு நிறத்தில் கையுறை. பின்னால் நீலமாக ஓர் ஆறு. பிரஷ் போன தடமே தெரியவில்லை, எனாமல் பூசின மாதிரி வழுவழுப்பு. அப்புறம் அந்தக் கழுத்து! பார்த்ததும் உங்கள் குரல்தான் காதில் கேட்டது: "கழுத்துக்குள்ள எலும்பு இருக்குடா, அது ரப்பர் இல்ல." தோள் வேறு சரிந்து கிடக்கிறது, மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் இருபது நிமிஷம் அங்கேயே நின்றேன். கழுத்தைச் சரியான அளவுக்குக் குறைத்துப் பார்த்தேன், மனசுக்குள்தான். அவள் சாதாரணப் பெண்ணாகிவிட்டாள்.

வரைந்தவருக்கு அளவு தெரியாமல் இல்லை. இன்கிரஸ் என்று எழுதி ஆங்க்ர் என்று சொல்கிறார்கள்; இந்த ஊரில் எழுத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். முதலில் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பா. பிறகு தூலூஸ் அகாதெமி, 1797-இல் பாரிஸில் தாவீத் என்ற பெரிய ஓவியரின் பட்டறை. கிரேக்க ரோமானியச் சிலைகளைப் பார்த்துப் பார்த்துக் கோட்டைப் பழக்கிய இடம் அது. 1801-இல் ரோமுக்குப் போய்ப் படிக்கும் பரிசும் கிடைத்தது. அரசாங்கத்திடம் பணம் இல்லை என்று ஐந்து வருஷம் காக்க வைத்தார்கள். என் விசாவுக்கு நீங்கள் ஏழு மாதம் அலைந்ததற்கே புலம்பினீர்கள்.

அந்தக் காத்திருப்பில் வரைந்த படம்தான் இது. பெண்ணின் அப்பா நெப்போலியன் காலத்து அதிகாரி. அவரையும் மனைவியையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார். அந்த அம்மாள் போர்த்தியிருப்பது காஷ்மீர் சால்வை, அப்போது பாரிஸ் சீமாட்டிகளுக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். 1806-இல் இதே லூவ்ர் கட்டடத்தில் நடந்த கண்காட்சிக்கு இவரது படங்கள் வந்தன. விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். கலையை நானூறு வருஷம் பின்னால் இழுக்கிறான் என்று ஒரே ஏச்சு. மனுஷன் அதற்குள் ரோமுக்குப் புறப்பட்டாயிற்று. ஏச்சு முழுக்கக் கடிதத்தில்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போனவர் 18 வருஷம் இத்தாலியிலேயே இருந்துவிட்டார்.

பயப்படாதீர்கள், நான் அடுத்த பொங்கலுக்கு வந்துவிடுவேன்.

படத்தில் இருக்கும் அந்தப் பெண், கண்காட்சிக்கு மறு வருஷமே இறந்துபோனாள். அது தெரிந்த பிறகு திரும்பப் போய்ப் பார்த்தேன். கண் நம்மைப் பார்க்கிற மாதிரியும் இருக்கிறது, பார்க்காத மாதிரியும் இருக்கிறது. காவலாளி மணியாகிவிட்டது என்று சொல்லும்வரை நகர மனசு வரவில்லை.

அவர் தன் அப்பாவையும் 1804-இல் வரைந்திருக்கிறார். அது சொந்த ஊரான மோந்தோபான் மியூசியத்தில் இருக்கிறதாம். ரயிலுக்குக் காசு சேர்ந்தால் போக வேண்டும்.

இதோடு கரோலின் படம் போட்ட போஸ்ட் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். வழக்கம்போல சிவப்புப் பென்சிலால் திருத்தி அனுப்புங்கள். தோள், மூக்கு எதை வேண்டுமானாலும் திருத்துங்கள். கழுத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அன்பு மகன்