முதலில் ஓடியவனுக்கு

கோவில்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் ஆச்சியும் நலமாக இருக்கிறோம். ஆட்டம் முடிந்து நான் ரயிலேறிய பிறகு நீ அலைபேசியில் அழைத்து, கல்லூரி ஹாக்கி இத்தோடு முடிந்துவிட்டது என்றும், ஆறாம் வகுப்பிலிருந்து ஆடியும் மாநில அணிக்குக்கூடப் போக முடியவில்லை என்றும், அப்பா செலவழித்ததெல்லாம் வீணாகிவிட்டது என்றும் சொன்னாய். பெட்டியில் சுற்றிலும் ஆட்கள் படுத்திருந்ததால் என்னால் அதிகம் பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் குரல் சரியாக வந்திருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. நீ சொன்னவற்றில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், கேலரியின் ஓரத்தில், நீங்கள் காத்துநின்ற கோலுக்கு மிக அருகில் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கால்பகுதியில் நீங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தபோது எதிரணிக்குப் பெனால்டி கார்னர், அதாவது கோலுக்கு அருகில் செய்த தவறுக்காகக் கொடுக்கப்படும் அடி வாய்ப்பு, கிடைத்தது. கோல்கீப்பரும் நீங்கள் நால்வரும் கோட்டுக்குப் பின்னால் நிற்க, மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட்டார்கள். நீ முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, முழங்கால் கவசத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, கோல்கம்பத்தை ஒட்டி ஒரு காலை முன்வைத்துக் குனிந்தாய். ஓரத்திலிருந்து பந்து தள்ளப்பட்ட அந்தக் கணத்தில் புறப்பட்டு, பந்தை ஸ்டிக்கால் வாரி எறிவதுபோல் கோலுக்கு ஃப்ளிக் அடிக்க நின்றவனை நோக்கி நேராக ஓடினாய். ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள அந்தக் கட்டிப் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வரக்கூடியது என்பது எனக்குத் தெரியும். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் 'டி' வளைவின் விளிம்பிலிருந்து கோலுக்கு 15 மீட்டர்கூட இல்லை என்பதும் தெரியும். அந்தக் குறைந்த தூரத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு பந்தின் எதிரில் போவதுதான் நீ ஏற்றுக்கொண்ட வேலை.

பந்து உன் காலில் பட்ட சத்தம் கேலரி வரை கேட்டது. முழங்காலுக்குக் கீழே பட்டதால் நடுவர் மறுபடியும் பெனால்டி கார்னர் கொடுத்தார். நீ காலை இரண்டு முறை உதறிவிட்டு நொண்டியபடி கோட்டுக்குத் திரும்பினாய். பக்கத்தில் நின்ற பையன் இந்த முறை தான் ஓடுவதாகக் கையைக் காட்டினான். நீ அவன் தோளைத் தொட்டு அவனுடைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, மறுபடியும் கம்பத்தை ஒட்டிப் போய்க் குனிந்தாய். அப்போது நான் எழுந்து நின்றுவிட்டேன் என்று பின்னால் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ மீண்டும் ஓடினாய். பந்து உன் ஸ்டிக்கின் தட்டைப் பக்கத்தில் பட்டு, பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. அதன்பின் உங்களால் கோல் அடிக்க முடியவில்லை, ஆட்டம் அதே கணக்கில் முடிந்தது. தோற்றது தோற்றதுதான், அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் உன் பெயருக்கு எதிரே ஒன்றும் இருந்திருக்காது. கோல் அடித்தவன் பெயரும் நிமிடமும் அதில் இருக்கும், யாருக்கு எந்த அட்டை காட்டப்பட்டது என்பதும் இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இத்தனை காலம் பேரேடு எழுதியவன் என்ற முறையில் எனக்கு இது புதிதன்று. வரவுக்கு ஒரு பத்தி உண்டு, செலவுக்கு ஒரு பத்தி உண்டு, நேர்ந்த நட்டத்தையும் எழுதிவிடலாம். நேராமல் ஒருவன் காத்த நட்டத்தை எழுதப் பத்தி கிடையாது. அதனால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? நான் பார்த்தேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதி வைக்கிறேன்.

நீ இந்த வேலைக்கு வந்த கதையை நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊரில் பிறந்த பையன் எல்லாரையும் போல நீயும் முன்வரிசையில் ஆடி கோல் அடிக்கத்தான் ஆசைப்பட்டாய். இடக்கையால் எழுதுகிற பிள்ளைக்கு ஹாக்கி சரிப்படாது என்று ஆச்சி சொன்னபோது, ஹாக்கியில் இடக்கைக்காரருக்கென்று தனி ஸ்டிக்கே கிடையாது, மேலே பிடித்து ஸ்டிக்கைத் திருப்புகிற வேலையெல்லாம் இடக்கைதான் செய்கிறது, அந்தக் கை வலுவாக இருந்தால் நல்லதுதான் என்று பி.டி. சார் வீட்டுக்கே வந்து விளக்கினார். அவர்தான் உன்னைப் பின்வரிசையில் நிறுத்தினார். நம் ஊர் ஹாக்கி விடுதிக்கான தேர்வில் உனக்கு இடம் கிடைக்காத அன்று நீ இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாய். மறுநாள் விடிவதற்குள் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டாய். உன் காலுறையில் ஏறிய கரிசல் மண்ணின் கறை எத்தனை சோப்புக்கும் போகாது. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை வந்த பிறகுதான் அம்மாவுக்கு அந்த வேலை குறைந்தது.

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஜெர்மனியை ஐந்துக்கு நான்கு என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஆட்டத்தை நாம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சென்னையில் வளர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு வந்த பதக்கம் அது. ஆட்டம் முடிய சில நொடிகளே இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்து, அதை நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தபோது தெருவே கத்தியது. நீ மட்டும் ஆட்டம் முழுவதும், பெனால்டி கார்னருக்கு முதலில் ஓடும் பின்வரிசை ஆட்டக்காரர் அமித் ரோகிதாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோட்டிலிருந்து அவர் எப்படிக் கிளம்புகிறார், ஸ்டிக்கை எவ்வளவு தாழ்த்திப் பிடிக்கிறார் என்று எனக்கு நீ விளக்கிக்கொண்டே இருந்தாய். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்திலிருந்து வந்த அந்த மனிதர் செய்கிற வேலை இன்னதென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் மகன் எந்த வேலையைத் தனக்கென்று தேர்ந்துகொண்டான் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு இன்றுவரை அந்த ஓட்டத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆட்டத்துக்கு வந்தாலும் பெனால்டி கார்னர் என்றால் தலையைக் குனிந்துகொள்வாள், முடிந்ததா என்று என்னைக் கேட்டுத்தான் நிமிர்வாள்.

அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை நடந்தது. கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரில் பிறந்து நம் ஊர் விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தியும் இந்திய அணியில் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி அடித்த கோலை அலைபேசியில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிய நீ, அவர்களைப் பற்றி ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. அதே மாதம் ஜூனியர் தேசியப் போட்டி நம் மைதானத்திலேயே நடந்தபோது, எந்த மாநிலத்தான் எப்படி ஃப்ளிக் அடிக்கிறான் என்று நோட்டில் படம் போட்டு வைத்தாய். இந்த நான்கு ஆண்டுகளில் நீ உன்னை அவர்களோடு வைத்து அளந்துகொண்டே வந்திருக்கிறாய் என்பதை உன் பேச்சிலிருந்து அறிகிறேன். தம்பி, ஒரு ஊரிலிருந்து இரண்டு பேர் இந்திய உடை அணிகிறார்கள் என்றால், அவர்களை எதிர்த்து மாலை தோறும் மைதானத்தில் ஓடிய பிள்ளைகள் அந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் எதிரில் வந்து தடுக்காத மைதானத்தில் எவனும் கோல் அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. இதை உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம் ஊரில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு ரயில்வே அணியும் வங்கி அணிகளும் வந்து ஆடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன் நான்; நல்ல ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிக்குக்கும் ஷூவுக்கும் கவசத்துக்கும் ஆன செலவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவற்றில் எதையும் கடனாக உன் பெயரில் நான் எழுதி வைக்கவில்லை. அதை நீயும் எழுதிக்கொள்ளாதே.

நான் பெருமைப்படுவது எதற்காக என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலைப் பயிற்சிக்குப் போய்விட்டு எட்டரை மணி வகுப்பில் உட்கார்ந்து, ஒரு பாடத்திலும் அரியர் வைக்காமல் படிப்பை முடிக்கப் போகிறாய், அது பெருமைதான். இரண்டாம் ஆண்டில் பெஞ்சிலேயே உட்கார வைக்கப்பட்ட மாதங்களில் ஒரு நாள்கூடப் பயிற்சிக்குப் போகாமல் இருந்ததில்லை என்று உன் அறைத் தோழன் சொல்லிக் கேட்டேன், அதுவும் பெருமைதான். எல்லாவற்றுக்கும் மேலே, அன்றைக்குக் கடைசி ஹூட்டர் அடித்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்ற இறுதியாண்டுப் பையன்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நீயும் அழுதாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் இடத்தில் ஓட ஆசைப்பட்ட அந்த முதலாண்டுப் பையனைக் கோலுக்கு அழைத்துப் போனாய். முழங்கால் கவசத்தைக் கழற்றி அவன் காலில் நீயே கட்டிவிட்டாய். எந்தக் காலை முன்வைக்க வேண்டும், பந்தைப் பார்க்க வேண்டுமா ஃப்ளிக் அடிப்பவனின் கையைப் பார்க்க வேண்டுமா, முதல் மூன்று எட்டுகளை எவ்வளவு குட்டையாக வைக்க வேண்டும் என்று ஓடிக்காட்டினாய். நொண்டிக்கொண்டே ஓடிக்காட்டினாய். தோற்ற ஆட்டம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உங்கள் பயிற்சியாளர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவன் வேறு என்ன கேட்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடந்த ஆண்டு இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்களை மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாம் சேர்ந்து பார்த்தபோது, வெளிநாட்டுப் பையன்கள் பெனால்டி கார்னருக்கு ஓடிவந்த விதத்தை வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டும் மெச்சிக்கொண்டும் இருந்தாய். முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பி, தம்பி கோச்சா என்று கேட்டார். நீ இல்லையென்று கூச்சத்தோடு சொன்னாய். அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரகடத்தில் கிடைத்திருக்கும் வேலையை ஏற்றுக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். ஏற்றுக்கொள். சம்பளம் முதலில் குறைவுதான்; ஆனால் நீ படித்த படிப்புக்கு உரிய வேலை, ஷிப்ட் முடிந்தால் மாலை உன்னுடையது. சென்னையில் ஹாக்கி ஆடுகிற கிளப்புகள் உண்டு. சேர வேண்டும் என்று தோன்றினால் சேர், தோன்றாவிட்டால் விட்டுவிடு. இதில் அப்பாவுக்காக என்று எதுவும் செய்ய வேண்டாம். காலை மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டு. வீக்கம் வடிந்துவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழிக்காதே. அம்மா இதைத் தனியாக ஒருமுறை எழுதச் சொன்னாள், அதனால் மறுபடியும் எழுதுகிறேன்: காலைக் காட்டு.

பி.டி. சாரிடம் ஆட்டத்தின் முடிவை நான் சொல்லிவிட்டேன். கடைசிப் பெனால்டி கார்னரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தேர்வு முடிந்து வேலையில் சேருவதற்கு முன் இருக்கும் நாட்களில் நீ ஊரில் இருப்பாயா என்று அவர் கேட்டார். கோடை விடுமுறையில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வருகிறார்களாம். பின்வரிசையில் நின்று ஆட அவர்களில் ஒருவனுக்கும் விருப்பமில்லையாம். இருப்பாய் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா