நையாண்டி மீது வரும் புகார்களை விசாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒரு கட்டுரையோ, கார்ட்டூனோ, நாலு வரிக் கிண்டலோ தன் மனதைப் புண்படுத்திவிட்டது என்று யாராவது புகார் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் உங்கள் மேஜைக்குத்தான் வருகிறது. நீங்கள் முதலில் செய்வது, புகாரில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதிக்கொள்வது. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நையாண்டி எழுதுகிறவர் தன் குரலில் பேசுவதில்லை. ஒரு கற்பனை ஆளைப் பேசவிட்டுத் தான் பின்னால் நின்றுகொள்கிறார். நீங்களோ அந்தக் கற்பனை ஆள் பேசியதற்கு எழுதியவரைப் பிடித்து உள்ளே வைக்கிறீர்கள்.

இது பழைய குழப்பம். 1702-இல் லண்டனில் எழுத்தாளர் டேனியல் டிஃபோ பெயர் போடாமல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களை ஒழித்துக்கட்ட அதில் யோசனை சொல்லப்பட்டிருந்தது: போதகர்களைத் தூக்கில் போடு, மற்றவர்களை நாடு கடத்து. டிஃபோவே அப்படிச் சேராதவர்களில் ஒருவர்தான். எதிர்த்தரப்புத் தீவிரர்களின் பேச்சை அச்சு அசலாகப் பிடித்திருந்தார், அதுவே வினையாகிவிட்டது. அந்தத் தீவிரர்களில் சிலர் முதலில் அதை மெய்யென்று நம்பிப் பாராட்டினார்கள். எழுதியது யாரென்று தெரிந்ததும் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 1703 ஜூலையில் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி மூன்று நாள் தெருவில் நிறுத்தியது. கூடியிருந்த மக்கள் அவர்மேல் பூ எறிந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியோ போகட்டும், அவர் அந்த மரச்சட்டத்தைப் பற்றியே ஒரு கவிதை எழுதி வெளியிட்டது நிஜம்.

அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-இல் எழுதிய பிரசுரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அயர்லாந்தின் வறுமையைத் தீர்க்க, ஏழைகளின் ஒரு வயதுக் குழந்தைகளைப் பணக்காரர்களின் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்கிறது அது. இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. ஆண்டுக்கு 1,20,000 குழந்தைகள். அதில் 20,000 பேரை இனவிருத்திக்கு ஒதுக்கிவிடலாம். மிச்சம் 1,00,000 விற்பனைக்கு. குரல் ஒரு இடத்தில்கூட உயர்வதில்லை. மனிதர்களை எண்ணிக்கையாக மட்டுமே பார்த்த அன்றைய பொருளாதார யோசனைக்காரர்களின் நடை அது. நிலச்சுவான்தார்கள் பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்டபடியால் பிள்ளைகள்மீதும் அவர்களுக்கே முதல் உரிமை என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் முழுக் குற்றப்பத்திரிகையும் இருக்கிறது. கடைசியில் இன்னொரு வேலை செய்கிறார். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வாடகை வசூலிக்கும் நிலக்காரர்களுக்கு வரி போடுவது, உள்நாட்டில் செய்த துணியையே வாங்குவது என்று நியாயமான தீர்வுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, இதையெல்லாம் என்னிடம் யாரும் பேச வேண்டாம் என்கிறார். ஸ்விஃப்டின் உண்மையான மனு அந்த 'வேண்டாம்' பட்டியல்தான். வாக்கியத்தை மட்டும் எடுத்து எழுதிக்கொள்கிற விசாரணை அதிகாரிக்கு அந்த மனு கையில் கிடைக்கவே கிடைக்காது.

இந்த வித்தை நமக்கும் புதிதில்லை. அங்கதம் என்பது இதன் பழைய பெயர். நேராகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியம் அன்றே பிரித்துவிட்டது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவன் காட்டிய ஆயுதச் சாலையைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. உன் வேல்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்பதற்குப் பாராட்டு. உன் படை போரையே பார்த்ததில்லை என்பதுதான் சேதி. வள்ளுவரோ கயவர்களைத் தேவர்களுக்கு ஒப்பிடுகிறார். அவர்களும் நினைத்ததையெல்லாம் செய்வார்களாம். இந்தக் குறளை வைத்து, கயவர்களை உயர்த்திப் பேசினார் என்று ஒருவர் புகார் கொடுத்தால் எப்படி விசாரிப்பீர்கள்?

"அப்படியென்றால் மேலே 'இது நையாண்டி' என்று போட்டுவிடச் சொல்லலாமே" என்ற யோசனை அடிக்கடி வருகிறது. 2014-இல் ஃபேஸ்புக் அப்படி ஓர் அடையாளத்தைச் சோதித்தும் பார்த்தது. ஜோக் சொல்வதற்கு முன்பே சிரிக்கச் சொல்வது போன்றது அது. வாசகர் ஒரு கணம் நம்பி, அடுத்த கணம் திடுக்கிட்டு, இதை நம்பும் நிலைக்கு நாம் எப்படி வந்தோம் என்று யோசிப்பதற்காகத்தான் இந்த எழுத்தே. அடையாளம் அந்த முதல் கணத்தைப் பறித்துவிடும். சரி, போட்டால் வழக்காவது வராதா? அமெரிக்காவில் ஹஸ்ட்லர் பத்திரிகை ஒரு பிரபல மத போதகரைக் கேலி செய்து போலி விளம்பரம் வெளியிட்டபோது, இது கேலி, நிஜமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1988-இல் நீதிபதிகள் ஒருமனதாகப் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். என் கண்ணுக்கு அந்த விளம்பரம் வெறும் ஆபாசம். ஆனால் நல்ல ரசனை இல்லாததற்கெல்லாம் தண்டனை கொடுக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாட்டிக்கொண்டதும் "சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்" என்கிறவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. பொய்ச் செய்தியைப் பரப்பிவிட்டு நையாண்டி என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே மிதிபட்டவனை இன்னொரு மிதி மிதித்துவிட்டு அதற்கு அங்கதம் என்று பெயர் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறிவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. அந்த எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஸ்விஃப்டைத் திருப்பினால், குழந்தைகளைப் பட்டினி போடாதே என்று வரும். இவர்கள் எழுதியதைத் திருப்பினால் ஒன்றுமே வராது.

ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'அரசு ஆய்வாளர்' நாடகம் 1836-இல் மேடையேறியபோது ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் நேரில் வந்து பார்த்தார். லஞ்சம் வாங்கும் தன் அதிகாரிகளைத்தான் அது மேடையில் ஏற்றியிருந்தது. ஆனாலும் நாடகம் நடந்தது. அந்தப் பேரரசரை ஜனநாயகவாதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் தமிழ்நாட்டிலோ 1987-இல், எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் திருடர்களாகக் காட்டிய ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அவரை விட்டுவிட்டார்கள். அந்த ஜோக்கில் யார் பெயரும் இல்லை.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த புகார் வரும்போது, பெயர் எதுவும் குறிப்பிடாத எழுத்தாக இருந்தால், எழுதியவருக்குச் சம்மன் அனுப்புவதற்கு முன் புகார் கொடுத்தவரை உட்காரவைத்து, இதில் உங்களைப் பற்றிய வரி எது என்று கேளுங்கள். அவர் காட்டும் வரியைக் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாரை விசாரிப்பது என்று முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
நையாண்டி படிக்கும் ஒரு வாசகன்