மூன்று கேட்டேன், நான்கு அனுப்பினீர்கள், அப்புறம் என்னையே திருத்தப் பார்த்தீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்ற கம்ப்யூட்டர் கேமின் முழுத்தொகுப்புக்குப் பணம் கட்டி, 4 வந்து, அதன் பிறகு நடந்த கூத்து

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். முதல் ஆறுக்கும் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்ற ஒரே பதில்தான் வந்தது, அதில் ஒன்று இந்தியில் வந்தது. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 18 அன்று உங்கள் தளத்தில் 3,499 ரூபாய் கட்டி மூன்றாம் பாகத்தின் பெட்டியை ஆர்டர் செய்தேன். மூலக் கேம், அதன் விரிவாக்கங்களான ஆர்மகெடான்ஸ் பிளேடு, ஷேடோ ஆஃப் டெத் மூன்றும் சேர்ந்த தொகுப்பு என்று நீங்களேதான் போட்டிருந்தீர்கள். வந்தது நான்காம் பாகம். பெட்டியின் முதுகில் ரோமன் எண் பெரிதாகவே இருக்கிறது. மூன்று கோடு இருந்தால் மூன்று, ஒரு கோடும் பக்கத்தில் ஒரு வீயும் இருந்தால் நான்கு. பேக் பண்ணுகிறவருக்கு இது தெரியவில்லை என்றால்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், மனுஷன் கை தவறுவது சகஜம்.

ஆனால் உங்கள் கால் சென்டரில் இருந்த அந்த ஆள் பேசினாரே, அதைத்தான் என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை. இருபத்தைந்து நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு வந்து, "சார், நாலு மூணை விட அட்வான்ஸ்டு. நீங்க கேட்டதை விட நல்லதுதான் வந்திருக்கு. நீங்க லாபத்துல இருக்கீங்க சார்" என்றார். நான் விளக்க ஆரம்பித்ததும் ஒரு சிரிப்பு. "கேம்தானே சார், சின்னப் பசங்க விளையாடுறதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?" எனக்கு நாற்பத்தொரு வயது. தென்னந்தோப்பு பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேம் விற்கிற கம்பெனிக்கு விற்கிற பொருள் தெரியாமல் இருக்காது என்று நம்பித்தான் இதைக் கேட்கிறேன். மூன்றும் நான்கும் ஒன்றா?

நகரத்தில் படை சேர்த்து, ஹீரோ தலைமையில் முறை வைத்துச் சண்டை போடும் கேம் இது. 1995-ல் முதல் பாகம், 1996-ல் இரண்டாவது, 1999-ல் மூன்றாவது. இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? இருந்ததையே அகலப்படுத்தினார்கள். இரண்டில் ஒரு ஹீரோவிடம் ஐந்து படைக்குத்தான் இடம், மூன்றில் ஏழு. இரண்டில் ஆறு நகரம், மூன்றில் எட்டு, ஆர்மகெடான்ஸ் பிளேடு வந்ததும் ஒன்பது. இரண்டில் சில படைகளை மேம்படுத்தவே முடியாது, மூன்றில் நகரத்தின் ஏழு படைகளையும் மேம்படுத்தலாம். இரண்டு விளையாடியவன் மூன்றைத் திறந்தால் சொந்த வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு அறை சேர்த்துக் கட்டியதுபோல இருக்கும். அப்பன் பேர் சொல்லும் பிள்ளை என்பார்களே, அது.

2002-ல் வந்த நான்கு அப்படியா? மூன்றாம் பாகத்தின் உலகத்தையே வெடித்துச் சிதற வைத்துவிட்டுத்தான் அதன் கதையே ஆரம்பிக்கிறது! தப்பித்தவர்கள் வேறு உலகத்துக்கு ஓடுகிறார்கள். ஹீரோ முன்பெல்லாம் படைக்குப் பின்னால் குதிரைமேல் நின்றுகொண்டு சுற்றுக்கு ஒரு மந்திரம் போடுவார், அவரை யாரும் தொட முடியாது. நான்கில் அவரே களத்தில் இறங்கி அடிபட்டுச் சாகிறார். படைகளை மேம்படுத்துவது கிடையாது, அதற்குப் பதில் இரண்டு வகைப் படையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. நான் அடித்து முடித்தபின் அவன் திருப்பி அடிப்பது போய், இரண்டும் ஒரே நேரத்தில் விழுகிறது. சண்டைக் களத்தின் அறுகோணக் கட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

அப்புறம் அந்த வாரக் கணக்கு. மூன்றாம் பாகத்தை விளையாடிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஏழாம் நாள் முடிவதற்காகக் காத்திருப்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. புது வாரம் பிறந்தால்தான் நகரத்தில் புதுப் படை. எதிரி வாசலில் நிற்கிறான், நமக்கு இன்னும் ஒரே ஒரு நாள் வேண்டும், கையில் இருக்கிற காசுக்கு அந்த ஒரு கட்டடத்தை இன்றே கட்டினால்தான் நாளைக்கு டிராகன். நான்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படை சேர்கிறது. தினமும் சம்பளம் வந்தால் முதல் தேதிக்கு என்ன மரியாதை?

நான்கு மோசமான கேம் என்று நான் சொல்லவில்லை, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் இசை அருமை. ஹீரோ இல்லாமலே படை நகரலாம், கேரவனில் படையை ஊர்விட்டு ஊர் அனுப்பலாம், இதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் நான் அதற்குப் பணம் கட்டவில்லை. உளுந்து கேட்டவனுக்குத் துவரம்பருப்பு கொடுத்துவிட்டு, இதில் சாம்பார் நன்றாக வரும் என்று சொல்வது என்ன வியாபாரம்? 2006-ல் ஐந்தாம் பாகம் செய்த ரஷ்யாக்காரர்களே ஹீரோவை மறுபடியும் ஓரமாக நிறுத்திவிட்டார்கள், படை மேம்பாட்டையும் வாரக் கணக்கையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். நான்கை வெளியிட்ட 3டிஓ கம்பெனி மறுவருஷமே திவால். இதைச் சாபமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பொள்ளாச்சிக் கதைக்கு வருகிறேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. கேரளாதான், பேசுவது தமிழ். கிழக்கே போனால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி, மேற்கே போனால் பாலக்காடு. திருப்பி அனுப்ப நீங்கள் ஆள் அனுப்பவில்லை, "உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை" என்று மெசேஜ் வந்தது. கொண்டுவந்து போடும்போது மட்டும் அதே பின்கோடுக்கு வழி தெரிந்ததா? சரி, பக்கத்துக் கூரியர் கிளையில் நீங்களே கொடுங்கள் என்றீர்கள். பொள்ளாச்சி போனேன். அன்றைக்குத் தோப்பில் தேங்காய் வெட்டு. ஏறுகிறவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டார், அதையும் மீறிப் போனேன். பேருந்து நிலையத்திலிருந்து வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து அந்தக் கிடங்கைக் கண்டுபிடித்தால், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கேரளா பார்சலுங்க, பாலக்காட்டுல குடுங்க" என்றார் அங்கே இருந்த பையன். மறுநாள் பாலக்காடு. அங்கே இருந்தவர் பெட்டியைக் கையில்கூட வாங்கவில்லை. லேபிளைப் பார்த்தார், "இவிடெ அல்ல சேட்டா, பொள்ளாச்சி" என்றார். ஹீரோஸ் கேமில்கூட வழியை மறிக்கும் எல்லைக் காவலன் ஒருவன் உண்டு, அதற்குரிய சாவிக் கூடாரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் வழி விடுவான். உங்கள் ஆட்கள் எந்தக் கூடாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் விடமாட்டார்கள்.

அன்றைக்குத் தேங்காய் வியாபாரி எண்ணியதில் அறுபது காய் குறைந்தது. நான் இருந்திருந்தால் குறைந்திருக்காது. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இதற்கு நடுவில் 'தீர்வு' என்று ஒரு பதிவிறக்கக் குறியீடு அனுப்பினீர்கள். மூன்றாம் பாகத்தின் 2015 எச்டி பதிப்பு. "இப்ப நீங்க கேட்ட மூணே வந்துடுச்சுல்ல சார்" என்று வேறொரு பெண் சொன்னார், அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பதிப்பில் இரண்டு விரிவாக்கமும் கிடையாது, இது உங்களுக்கே தெரியும். விரிவாக்கம் இல்லையென்றால் ஒன்பதாவது நகரம் இல்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது வரைபடம் உருவாக்கித் தரும் வசதியும் இல்லை. எங்களுக்கு வேண்டியதே அந்த வரைபடம்தான். இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமே என்று முதல் ஆள் யோசனை வேறு சொன்னார். அப்படியென்றால் நீங்கள் எதற்குப் பெட்டி விற்கிறீர்கள்?

எங்களுக்கு என்றேன். பெரியப்பா பையன் மஸ்கட்டில் இருக்கிறான், என்னைவிட மூன்று வயது மூத்தவன். 2003-ல் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் நானும் அண்ணனும் ஹாட் சீட்டில் இந்த மூன்றாம் பாகத்தைத்தான் ஆடினோம். என் முறை வந்தால் அவன் திண்ணைக்குப் போய்விட வேண்டும், அவன் முறை வந்தால் நான். அவனிடம் ஐந்து கருப்பு டிராகன் சேர்ந்துவிட்டால் முடிந்தது. கருப்பு டிராகன்மேல் எந்த மந்திரமும் பலிக்காது, அதனால் நிம்மதியாக ஆர்மகெடான் என்ற மந்திரத்தைப் போட்டுக் களம் முழுவதையும் எரிப்பான். என் ஆட்கள் சாம்பல், அவன் டிராகன் கொட்டாவி விடும். இருபது வருஷமாக அதற்குப் பழிவாங்க வேண்டும் என்று இருக்கிறேன். பழைய பெட்டி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் லீவில் வருகிறான் என்றதும் அதே பெட்டியை எடுத்து முன்னால் வைக்க வேண்டும் என்றுதான் உங்களிடம் ஆர்டர் போட்டேன்.

வந்தான். நான்கைப் போட்டுக் காட்டினேன், வேறென்ன செய்ய? அரை மணி நேரம் பார்த்தான். "என்றா இது, ஹீரோவப் போயி அடிக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு நாளும் போனில்தான் இருந்தான். போகும்போது சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. எங்கள் குடும்பத்துக்குள் இப்படி ஒரு விரிசல் வந்ததற்கு முழுப் பொறுப்பும் உங்கள் நிறுவனம்தான்.

இனி நான் கேட்பது. 3,499 ரூபாய் திருப்பி வர வேண்டும், அல்லது விரிவாக்கங்களோடு மூன்றாம் பாகத்தின் பெட்டி வர வேண்டும். இரண்டு நாள் பேருந்துச் செலவு 210 ரூபாய். அறுபது தேங்காய்க்கான விலை. மன உளைச்சலுக்கு 50,000. கடைசியாகச் சொன்னதைப் பேசிக் குறைத்துக்கொள்ளலாம், முதல் மூன்றில் பேச்சே இல்லை. சிரித்த அந்த ஆள் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டால் தேங்காயையும் விட்டுவிடுகிறேன்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நீங்கள் செய்ததெல்லாம் புகார் எண்ணை மூன்று தடவை மாற்றியதுதான். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட எனக்குத் தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் பாலக்காடு வரவேண்டியிருக்கும். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. வந்து பாருங்கள், பொள்ளாச்சிக்குப் போ என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். இதையெல்லாம் செய்ய எனக்கு விருப்பமில்லை. உங்களிடம் இதற்கு முன்னால் நான்கு தடவை வாங்கியிருக்கிறேன், ஒரு குறையும் இருந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன்.

நான்காம் பாகம் டிவி மேசைமேல் பத்திரமாக இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலை மட்டும் லேசாக மடங்கியிருக்கிறது, அது பாலக்காட்டுப் பேருந்தில் ஆனது, அதற்கு என்னைக் குறை சொல்லாதீர்கள். எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குத் தேங்காய் வெட்டு.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்